சைக்கிளுக்கு எண்ணெய்க் குளியல்

காலையில் வெண்பா வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்த்தால், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா, நிலாவுக்குப் போகிறாளா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

தலையில் அப்பாவின் பழுப்பு நிறக் குரங்குக் குல்லா. அதன்மேல் ஹெல்மெட். கண்ணில் நீச்சல் கண்ணாடி. காலில் ஒரு சாக்ஸ், அதன்மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் இன்னொரு சாக்ஸ், அதற்கும் மேலே ஷூ. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு அவள் சைக்கிளில் ஏறுவதே ஒரு வேடிக்கைதான்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்தச் சைக்கிளின் கைப்பிடி. அதில் இரண்டு பக்கமும் இரண்டு அரிசிப் பைகள் தொங்கும்.

நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் என்ற ஊர் வெண்பாவுடையது. அங்கே ஜனவரி மாதக் குளிர் இருக்கிறதே, அது ஆளைச் சும்மா விடாது. மெல்லிய கையுறை போட்டால் விரல் மரத்துப்போகும், பிரேக் பிடிக்க முடியாது. தடித்த கையுறை போட்டால் விரல் மடங்காது, அப்போதும் பிரேக் பிடிக்க முடியாது. வெண்பாவின் அம்மா வசந்தாமணி திருப்பூர்க்காரர். தையல் அவருக்குக் கைவந்த கலை. காலியான சோனா மசூரி அரிசிப் பைகள் இரண்டை எடுத்தார். உள்ளே பழைய பனியன் துணியை வைத்துத் தைத்தார். கைப்பிடியில் மாட்டிக் கயிறு போட்டு இறுக்கினார். அவ்வளவுதான். பைக்குள் கையை விட்டால் உள்ளே கதகதவென்று இருக்கும், பிரேக்கும் பிடிக்கலாம்.

ஒரு பையின் மேல் நெற்கதிர் படம். இன்னொன்றில் 'இருபது பவுண்டு' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. பள்ளிக்கு முன்னால் சாலையைக் கடக்க உதவும் மிஸ்டர் ரே முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, உன் எடை அவ்வளவுதானா என்று வெண்பாவைக் கேட்டார்.

வெண்பாவோடு தினமும் சைக்கிளில் வருகிறவள் அஞ்சனா. பக்கத்துத் தெருக்காரி. அவளுடைய கோலம் வேறு மாதிரி. கையில் அவள் அம்மா அடுப்பிலிருந்து சூடான தட்டை எடுக்கப் பயன்படுத்தும் எலுமிச்சைப் படம் போட்ட உறைகள். இடுப்பில் அவள் அப்பாவின் மழைக்கால்சட்டை, கீழே மடித்து ஹேர் கிளிப் குத்தியது. கழுத்தில் சால்வை ஐந்தாறு சுற்று. இருவரும் சேர்ந்து வந்தால் தெருவில் நாய்கூடக் குரைக்க மறந்து பார்க்கும்.

சரி, பள்ளிப் பேருந்து இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு?

காரணம் இருந்தது. இருவரும் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் வேறு வேறு பிரிவு. மதியச் சாப்பாட்டு நேரமும் வேறு. மாலையில் அஞ்சனாவை அவள் அம்மா காரில் வந்து சைக்கிளோடு சேர்த்து நீச்சல் வகுப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார். பேருந்தும் இருவருக்கும் வேறு. ஆக, நாள் முழுவதிலும் அவர்களுக்கென்று இருந்தது காலையில் சைக்கிள் மிதிக்கும் நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் அவர்கள் பேசாத பேச்சில்லை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நான் உங்களுக்கு முழுக்கத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்த நேரத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. அஞ்சனாவின் அப்பா மகாதேவனுக்கு டெக்சஸில் வேலை கிடைத்திருந்தது. ஆலன் என்ற ஊரில் வீடு பார்த்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை விமானம். திங்கள், செவ்வாய் என்று இரண்டே காலைகள்தான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சனா வெண்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சைக்கிளில்தான் வந்தாள். அது கீச் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வெண்பாவின் அப்பா சேனாபதி எழுந்து வந்துவிட்டார். மனிதர் தங்கமானவர். ஆனால் எங்கேயாவது எதுவாவது பழுதென்று காதில் விழுந்தால் போதும், அவரால் சும்மா உட்கார முடியாது. செயினுக்குப் போடும் எண்ணெய் கார் நிறுத்தும் கராஜில் இருக்கிறதா என்று தேடினார். குப்பி காலி.

அதே நேரம் சமையலறையில் ஒரு கிண்ணம் வெந்நீர் இருந்தது. அதற்குள் தேங்காய் எண்ணெய்க் குப்பி நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெண்பாவுக்கு எண்ணெய்க் குளியல். அம்மா அவள் தலையில் தேய்த்துவிட்டு மீதியை அப்படியே வைத்திருந்தார்.

அப்பாவின் கண் அதன்மேல் விழுந்தது.

"ஏனுங்க, அது ஊர்ல செக்குல ஆட்டினது. சைக்கிளுக்கா ஊத்தப் போறீங்க?" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் கதவுக்கும் அதுதான், கிணற்றுக் கப்பிக்கும் அதுதான் என்று சொல்லிக்கொண்டே அப்பா இரண்டு சைக்கிள்களையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். தரையில் அட்டையை விரித்தார். செயினில் ஊற்றினார், பெடலில் ஊற்றினார். பின்சக்கரத்தின் நடுவிலே கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினார். வெண்பாவின் சைக்கிள் கத்தவே இல்லை. ஆனாலும் ஓரவஞ்சனை கூடாதென்று அதற்கும் அதே கவனிப்பு.

சுற்றிப் பார்த்தால், அப்பப்பா, என்ன வழுவழுப்பு! கீச்சுச் சத்தம் போன இடம் தெரியவில்லை. அஞ்சனா கை தட்டினாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை வெண்பா குல்லா, கண்ணாடி, ரொட்டி உறை எல்லாம் மாட்டிக்கொண்டு கராஜிலிருந்து சைக்கிளை வெளியே தள்ளினாள். ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள்.

பெடல் விறுவிறுவென்று சுற்றியது. சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது.

இன்னும் வேகமாக மிதித்தாள். பெடல் இன்னும் வேகமாகச் சுற்றியது. சக்கரமோ எனக்கென்ன வந்தது என்பதுபோல் அசையாமல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் காரில் ஏறப் போனவர் நின்று அவளையே பார்த்தார்.

அப்பா அதற்குள் வேலைக்கு ரயிலேறப் போய்விட்டார். அம்மா வந்து பெடலைச் சுற்றிப் பார்த்தார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். நேரமாகிக்கொண்டே இருந்தது. நடந்து போகிற தூரமும் இல்லை. கடைசியில், காரில் ஏறு என்று சொல்லிவிட்டார்.

அஞ்சனா தெருமுனையில் காத்திருப்பாளே என்று வெண்பா பதறினாள். அம்மா அவள் வீட்டுக்குப் போன் போட்டார். அங்கேயும் இதே கதை. அஞ்சனாவின் சைக்கிளும் ஓடவில்லையாம். அவளை அவள் அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறாராம்.

இரண்டு காலைகளில் ஒன்று போய்விட்டது. வெண்பா நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலேயே காரில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள்ளே கண்ணீர் தேங்கியது அம்மாவுக்குத் தெரியவில்லை.

பள்ளியில் நூலகத்து வாசலில் அஞ்சனாவை ஒரு நிமிடம் பார்க்க முடிந்தது. அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பெடல் சும்மா சுத்துது, வீல் வரவே இல்ல. பழைய சைக்கிள், அதோட கதை முடிஞ்சுதுன்னு அப்பா சொல்லிட்டார். குப்பைக்கு வெளியில வெச்சிட்டார். நாளைக்குக் காலைல ட்ரக் வந்து எடுத்துண்டு போயிடும்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் கார்தான்," என்றாள் அஞ்சனா. அதற்குள் ஆசிரியை கூப்பிட்டார், போய்விட்டாள்.

வெண்பாவுக்கு அன்று கணக்கு வகுப்பில் மனம் ஓடவில்லை. அஞ்சனாவின் சைக்கிள் பழசு, சரி. ஆனால் தன்னுடையது போன கோடையில் வாங்கியது. பழசுக்கும் புதுசுக்கும் ஒரே நாளில் ஒரே நோய் எப்படி வரும்?

இரண்டு பேருக்கு ஒரே நாளில் வயிறு கெட்டால், இருவரும் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்றுதானே கேட்போம்? வெண்பாவும் அப்படித்தான் யோசித்தாள். இந்த இரண்டு சைக்கிள்களும் சேர்ந்து என்ன செய்தன? ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நம் வீட்டுக்குள் வந்தன. அப்பா கையால் சேர்ந்து எண்ணெய் குடித்தன.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் நேரே குளியலறைக்குப் போனாள். அலமாரியில் தேங்காய் எண்ணெய்க் குப்பி இருந்தது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக உறைந்திருந்தது.

ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், ராத்திரி முழுக்கக் கராஜில் நின்ற சைக்கிளுக்குள் எப்படி இருக்கும்!

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்ல ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். அப்பாதான் கேட்கவில்லை. இது அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த பொங்கல் வரை இதையே சொல்லிச் சொல்லி அப்பாவைக் கேலி செய்வார். பாவம் அப்பா, உதவி செய்யத்தானே நினைத்தார்?

அதனால் அப்பா ரயிலிலிருந்து இறங்கி வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தாள். அவர் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் கராஜுக்கு இழுத்துப் போனாள். உறைந்த குப்பியைக் கையில் கொடுத்தாள். பெடலைச் சுற்றிக் காட்டினாள்.

அப்பாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

பின்சக்கரத்தின் நடுவிலே குட்டிக் குட்டிப் பற்கள் இருக்கின்றன, பெடலை மிதிக்கும்போது அவை எழும்பிச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற வைக்கின்றன என்று மெதுவாக விளக்கினார். எண்ணெய் உறைந்ததும் அந்தப் பற்கள் எழ முடியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"வருசா வருசம் பாத்ரூம்ல இதைப் பார்த்துட்டேதான் இருக்கேன். எனக்குத் தோணவே இல்ல பாரு கண்ணு. நான் படிச்சது எஞ்சினியரிங்!"

"நீங்க நல்லதுக்குத்தான்ப்பா பண்ணீங்க. அம்மாகிட்ட நான் சொல்லல," என்றாள் வெண்பா.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய், தானே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா சிரித்த சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது.

ஆனால் வெண்பாவுக்குச் சிரிக்க நேரமில்லை. அஞ்சனாவின் சைக்கிள் குப்பையில் நிற்கிறதே!

அப்பாவும் மகளும் காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இருட்டிவிட்டிருந்தது. அஞ்சனா வீட்டு வாசலில் உடைந்த நாற்காலி, காலிப் பெட்டிகள், பழைய விளக்கு எல்லாம் வரிசையாகக் கிடந்தன. சைக்கிளும் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. வெளியே வைத்த பழைய பொருள்களை எடுத்துப்போக வந்த யாரோ ஒருவர் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

வெண்பா காரிலிருந்து குதித்து ஓடினாள். அது என் தோழியின் சைக்கிள், நாளைக்கு நாங்கள் கடைசியாகச் சேர்ந்து போக வேண்டும், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் சைக்கிளைக் கீழே வைத்தார். பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"ஓடாத சைக்கிள் இது, தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓடும். நாங்க ஓட வைப்போம்," என்றாள் வெண்பா.

அவர் சிரித்துக்கொண்டே உடைந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

சத்தம் கேட்டு அஞ்சனாவும் மகாதேவனும் வெளியே வந்தார்கள். சேனாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மகாதேவன் சைக்கிளையும் சேனாபதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், தலைக்குத் தடவறதைச் செயின்ல தடவிட்டு, அது ஜலதோஷம் பிடிச்சு நின்னுடுத்தா?" என்று கேட்டவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நானும் வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு, அஞ்சனாவோடும் சைக்கிளோடும் கிளம்பினார்.

வெண்பா வீட்டில் வேலை தொடங்கியது. முதலில் ஹேர் டிரையர். அப்பா பின்சக்கரத்தின் நடுவே சூடான காற்றை ஊதினார். கொஞ்ச நேரத்தில் டிக் டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. பெடலை மிதித்ததும் சக்கரம் சுற்றியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அஞ்சனா வாசலுக்கு ஓட்டிப்போய் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் பெடல் மட்டும் சுற்றியது.

குளிர் பட்டதும் எண்ணெய் மறுபடி உறைந்துவிட்டது.

இதைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு திரவம் விற்கிறார்கள், ஆர்டர் செய்தால் வியாழக்கிழமை வந்துவிடும் என்று அப்பா போனைப் பார்த்துச் சொன்னார்.

"வியாழக்கிழமை நான் டெக்சஸ்ல இருப்பேன், அங்கிள்," என்றாள் அஞ்சனா.

அதைக் கேட்டு அம்மாவும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். வெண்பா கையைப் பிசைந்தாள், தலையைச் சொறிந்தாள். சொறிந்த கையை எடுத்துப் பார்த்தாள். பிசுக்கே இல்லை, முடி பஞ்சுபோல் இருந்தது. நேற்றுக் காலையில் இதே தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது!

"அப்பா, சூடு பண்ணினா எண்ணெய் இளகத்தான் செய்யுது. வெளிய போகல. உள்ளயேதான் இருக்கு," என்றாள். "நேத்து என் தலைல இருந்த எண்ணெய் எப்படிப் போச்சு? அம்மா வெந்நீர் ஊத்தி, சீயக்காய் போட்டுத் தேய்ச்சாங்கல்ல? சைக்கிளுக்கும் எண்ணெய் வெச்சாச்சு. இப்போ குளிப்பாட்டணும்."

அப்பாவும் மகாதேவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கினார்கள்.

"குளிப்பாட்டுங்க, வேண்டாங்கல. ஆனா என் சீயக்காய்த் தூள்ல யாராவது கை வெச்சீங்க, ராத்திரி எல்லாருக்கும் கராஜ்லதான் படுக்கை," என்ற அம்மா, பாத்திரம் தேய்க்கும் பச்சை சோப்புக் குப்பியை எடுத்து நீட்டினார்.

குளியல் தொட்டியில் முதலில் அஞ்சனாவின் சைக்கிளை இறக்கினார்கள். சேனாபதி பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மகாதேவன் நல்ல கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, குவளையால் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினார். அஞ்சனாவும் வெண்பாவும் ஆளுக்கொரு பழைய பல்தேய்க்கும் பிரஷை எடுத்துக்கொண்டு தேய்தேய் என்று தேய்த்தார்கள். நுரை கறுத்தது. அடுத்து வெண்பாவின் சைக்கிளுக்கும் அதே குளியல்.

அம்மா எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தொட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்.

"இதை யாருங்க கழுவறது?"

"நாங்கதான்," என்றார்கள் இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில்.

குளித்த சைக்கிளை ஈரத்தோடு விட்டால் தண்ணீரும் உறைந்துபோகும் என்று அஞ்சனா நினைவூட்டினாள். அம்மா துண்டோடு வந்தார். ஹேர் டிரையர் மறுபடி ஓடியது. ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, காயவைத்து முடித்தார்கள்.

இனிமேல்தான் சிக்கல். எண்ணெய் இல்லாவிட்டால் செயின் துருப்பிடிக்கும், கத்தும். என்ன எண்ணெய் போடுவது? அம்மா யோசித்துவிட்டுத் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்தார். அப்பா ஆசையாகக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கப்பா," என்று வெண்பா குப்பியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மூடியில் தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு விட்டாள். இன்னொரு மூடியில் தேங்காய் எண்ணெயை உருக்கி விட்டாள். இரண்டையும் கொண்டுபோய் ஃப்ரீசரில், துருவிய தேங்காய்ப் பொட்டலத்துக்கும் முருங்கைக்காய்ப் பொட்டலத்துக்கும் நடுவே வைத்து மூடினாள். எது உறைகிறது என்று பார்க்கும்வரை யாரும் சைக்கிளைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளைகளாக அப்பாக்கள் இருவரும் தொட்டி கழுவப் போனார்கள். பிறகு எல்லோரும் தோசை சாப்பிட்டார்கள். மகாதேவன் வீட்டில் பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால், அவர் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார்.

கை கழுவியதும் வெண்பா ஃப்ரீசரைத் திறந்தாள். தேங்காய் எண்ணெய் மூடியைக் கவிழ்த்தாள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. மற்ற மூடியைச் சாய்த்தாள். எண்ணெய் ஓடி அவள் விரலில் வழிந்தது.

"இப்ப போடலாம்," என்றாள்.

இரண்டே சொட்டு போதும் என்று அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். கரண்டியை அப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில் அம்மா எடுத்து வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. முந்தின நாளைவிடக் கடுமையான குளிர். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை. வெண்பா கராஜ் கதவு திறப்பதற்கு முன்பே சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தாள். கதவு உயர்ந்தது. காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

சைக்கிள் சிட்டாகப் பறந்தது.

தெருமுனையில் அஞ்சனா நின்றுகொண்டிருந்தாள், அதே மழைக்கால்சட்டை, அதே சால்வை. அவள் சைக்கிளும் ஓடியது. கீச்சென்ற சத்தம் இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தார்கள். ஆலனில் பனி பெய்யுமா, அங்கே பள்ளிக்குச் சைக்கிளில் விடுவார்களா, புதிய வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று அஞ்சனா மூச்சு விடாமல் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேச வேண்டும், அதுவும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் என்று முடிவு செய்தார்கள். எண்ணெய் ஊறும்வரை இருவரையும் யாரும் எழுந்து வா என்று கூப்பிட மாட்டார்கள்.

வழக்கமாகக் குளத்தைத் தாண்டியதும் ஓர் இறக்கம் வரும். தினமும் அங்கே பந்தயம் வைப்பார்கள். இன்று யாரும் பந்தயம் வைக்கவில்லை. இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக வந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கொடி தூரத்தில் தெரிந்தது.

அஞ்சனா சட்டென்று நிறுத்தினாள். இறங்கினாள்.

வெண்பாவும் பிரேக்கைப் பிடித்தாள். "என்னாச்சு? மறுபடி மாட்டிக்கிச்சா?"

"இல்ல. ரொம்ப நல்லா ஓடறது," என்றாள் அஞ்சனா. "இப்படியே ஓடினா இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஸ்கூல் வந்துடும்."

வெண்பா அவள் முகத்தைப் பார்த்தாள். அவளும் இறங்கினாள்.

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சக்கரங்கள் இரண்டும் டிக் டிக் டிக்கென்று கூடவே வந்தன. சாலை ஓரத்தில் மிஸ்டர் ரே தன் சிவப்புப் பலகையோடு நின்றிருந்தார். இருவரும் நடந்து வருவதைப் பார்த்து, வண்டி பழுதா என்று விசாரித்தார். இல்லவே இல்லை, பிரமாதமாக ஓடுகிறது என்றாள் வெண்பா. ஓடுகிற சைக்கிளை ஏன் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவர், இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு நடுச்சாலைக்குப் போய்ப் பலகையை உயர்த்தினார். கார்களெல்லாம் வரிசையாக நின்றன.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. வெண்பாவும் அஞ்சனாவும் பேசிக்கொண்டே, ஓர் அடிகூட வேகத்தைக் கூட்டாமல் சாலையைக் கடந்தார்கள்.